சாம்பல் நிறத்தைக் குழைத்துப் பார்!

இரண்டு மலை. நடுவில் பாதி முளைத்த சூரியன். அதன் அடியிலிருந்து வளைந்து வளைந்து வரும் ஓர் ஆறு. கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நாலு பறவை. எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் தாளைக் கொடுத்து “சீனரி போடு” என்றாலும் இதுதான் வரும். நானும் போட்டிருக்கிறேன். வருஷக் கணக்கில் போட்டிருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், நான் பிறந்து வளர்ந்த கோலார் தங்கவயலில் அந்த ஆறும் கிடையாது, அந்தத் தென்னந்தோப்பும் கிடையாது. எங்கள் ஊரில் மலை என்று கைநீட்டினால் அது சயனைடு மலை. தங்கத்தைப் பிழிந்தெடுத்த பிறகு கொட்டிய பாறைத்தூள்.

ஏழாம் வகுப்பில் ஒருநாள் எங்கிருந்தோ துணிச்சல் வந்தது. அப்பா வேலை பார்த்த சுரங்க ஷாஃப்ட்டின் இரும்புக் கோபுரத்தை வரைந்தேன். அகட்டி ஊன்றிய கால்கள், உச்சியில் இரண்டு பெரிய சக்கரம், பின்னால் சயனைடு மேடு. வாத்தியார் தாளைத் தூக்கிப் பார்த்தார். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்தான். “இன்னாடா இது, கரண்ட் கம்பமா? அழகா எதனா போடுடா” என்று சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அவர் கோடு போட்டது தாளில். அது அழியாமல் கிடந்தது என் கண்ணில். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நான் என் ஊரை வரையவில்லை.

தம்பி, தங்கச்சி, உங்களிடம்தான் கேட்கிறேன். “அழகா எதனா” என்பதற்கு அர்த்தம் என்ன? உன் வீட்டு வாசலில் இருப்பது அந்த ‘எதனா’வில் சேராது என்று தீர்ப்புச் சொன்னது யார்? எந்தக் கோர்ட்டு? எந்தச் சட்டம்? சுவிட்சர்லாந்துப் பனிமலையைக் காலண்டரில் பார்த்து வளர்ந்த கண்ணை உன் மூஞ்சியில் பொருத்திக்கொண்டு, உன் தெருவை நீயே கேவலமாகப் பார்க்கிறாயே, இது எவன் கொடுத்த கடன்? திருப்பிக் கொடுத்துவிடு. இன்றைக்கே கொடுத்துவிடு. உனக்கென்று இரண்டு கண் இருக்கிறது.

முதலில் உன் ஊர் என்னவென்று தெரிந்துகொள். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி இங்கே கால் வைத்தது. வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்த ஜனங்கள் தட்டிக் குடிசை போட்டுக்கொண்டு பூமிக்குள் இறங்கினார்கள். பெரும்பாலோர் தமிழ் பேசியவர்கள், ஊரில் சேரியில் ஒதுக்கப்பட்டவர்கள். 1902இல் சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்து இந்த ஊருக்கு மின்சாரம் வந்தது. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பிறகு, 1905இல். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடே அறுபது டிகிரியைத் தாண்டும். அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும். அதற்கு ‘ராக் பர்ஸ்ட்’ என்று பெயர். மேலே வீட்டில் தட்டு நடுங்கினால் பொம்பளைகள் எல்லோரும் ஒரே சமயத்தில் வாசலுக்கு வந்து நிற்பார்கள். யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

நூற்றிருபது வருஷத்தில் ஏறத்தாழ 800 டன் தங்கம் போனது. போனது என்றுதான் சொல்ல வேண்டும். லண்டனுக்குப் போனது, கஜானாவுக்குப் போனது, யார் யார் கழுத்துக்கோ போனது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடிவிட்டார்கள். நமக்கென்று மிஞ்சியது மூன்று கோடி டன்னுக்கும் மேல் பாறைத்தூள்.

இப்போது அந்த மேட்டைத் திரும்பிப் பார். அது என்ன குப்பையா? நம் தாத்தாக்கள் பூமிக்குள் தோண்டிய இருட்டு முழுவதும் அங்கே வெளிச்சத்துக்கு வந்து குவிந்து கிடக்கிறது. கீழே எவ்வளவு பள்ளமோ, மேலே அவ்வளவு மேடு. உள்ளே இருப்பதை உன்னால் பார்க்க முடியாது. ஷாஃப்ட்டுகளில் தண்ணீர் ஏறிவிட்டது. ஆனால் அந்தப் பள்ளத்தின் அச்சு உன் கண்ணெதிரே நிற்கிறது. அதில் ஒரு துளித் தூள்கூடத் தானாக அங்கே வந்து விழுந்ததில்லை. யாரோ துளைபோட்டு, யாரோ வெடிவைத்து, யாரோ தள்ளுவண்டியில் தள்ளி, மில்லில் இடித்து, சயனைடுத் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு கொட்டியது. இத்தனை கை இந்த நாட்டில் எந்தக் கோயில் சிற்பத்திலும் பட்டதில்லை. இதை வரைய உனக்கு வெட்கமா?

ஒரு சேதி சொல்கிறேன். 1965இல் சாம்பியன் ரீஃப்பின் ஆழத்தில், பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள், இங்கிலாந்து, ஜப்பான் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள். பூமியையே ஊடுருவிப் போகும், எதன்மீதும் சட்டென்று மோதாத, கண்ணுக்கே படாத துகள். அதைப் பார்ப்பதற்காக உலகம் நம் ஊருக்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாததையே பார்த்த ஊர் இது. அங்கே பிறந்துவிட்டு, கண்ணெதிரே மலைபோல் நிற்பதைப் பார்க்கத் தெரியவில்லை என்றால் எப்படி?

“மேடும் துருவும் வறட்சியும் படமாகுமா?” என்று கேட்பவனை அகநானூற்றைப் பிரிக்கச் சொல். நானூறு பாட்டில் ஒற்றைப்படை எண் வந்த பாட்டு எல்லாம் பாலை. அதாவது இருநூறு. சரிபாதி! குறிஞ்சிக்கும் முல்லைக்கும் மருதத்துக்கும் நெய்தலுக்கும் சேர்த்து மீதிப் பாதி. தண்ணீர் வற்றிய சுனை, கருகிய மரம், பருந்து, பரல் கல், வழிப்பறி. இதைத்தான் நம் புலவர்கள் அதிகம் பாடினார்கள். அவர்களுக்கு ஆறும் தென்னையும் தெரியாதா? பிரிவு என்னும் வலியைச் சொல்ல வறண்ட நிலம்தான் சரி என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். கட்டிய ஊரைப் பாடுவதும் நமக்குப் புதிதில்லை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் மூட்டை மூட்டையாகச் சரக்கு குவிந்து கிடப்பதையும் அதன்மேல் புலி முத்திரை குத்துவதையும் உருத்திரங்கண்ணனார் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இன்றைக்கு இருந்தால் அந்த மனுஷன் எண்ணூர்க் கன்டெய்னர் யார்டில் நின்றுகொண்டிருப்பார். தொழில் நடக்கும் இடத்தை அழகென்று சொன்ன பரம்பரை நீ. காலண்டர்க்காரன் பரம்பரை அல்ல.

சரி, உன்னைப் போலச் சுரங்கத்து ஜனங்கள் வரைந்த கதை ஒன்று உண்டு. இங்கிலாந்தின் வடக்கே ஆஷிங்டன் என்ற நிலக்கரி ஊர். 1934இல் அங்கே சுரங்கத் தொழிலாளிகள் கொஞ்சம் பேர், ஓவியத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம் என்று மாலை வகுப்பு ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டார்கள். நியூகாசிலிலிருந்து ராபர்ட் லயன் என்ற ஆசிரியர் வந்தார். இத்தாலிய மகான்களின் ஓவியங்களைப் பட வில்லையில் காட்டினார். இவர்களுக்கு ஒட்டவில்லை. அவர் கெட்டிக்காரர். “அப்படியானால் நீங்களே வரைந்து பாருங்கள், அப்போது புரியும்” என்று பிரஷ்ஷைக் கையில் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். ஷிஃப்ட் முடித்து வந்து, சுவருக்கு அடிக்கிற பெயின்டைக் கொண்டு, அட்டையிலும் பலகையிலும் வரைந்தார்கள். எதை? குனிந்து குனிந்து நிலக்கரி வெட்டுவதை, சுரங்கத்துக் குதிரையை, சாப்பாட்டு நேரத்தை, லைன் வீட்டுப் பின்கட்டை. ஆலிவர் கில்போர்ன் என்பவர் பதின்மூன்று, பதினாலு வயதில் வேலைக்குப் போன ஆள். கடைசிவரை சுரங்கத்து வேலையை அவர் விடவில்லை, பிரஷ்ஷையும் விடவில்லை. லண்டனிலிருந்து பெரிய பெரிய விமர்சகர்கள் அவர்களைத் தேடி வந்தார்கள். இன்றைக்கு அந்த ஓவியங்களுக்கென்றே பழைய வுட்ஹார்ன் சுரங்கத்தில் ஒரு காட்சிக்கூடம் நிற்கிறது.

கவனி. லண்டன்காரன் வந்து “அழகு” என்று சொன்ன பிறகு அவர்கள் வரையவில்லை. வரைந்த பிறகு லண்டன்காரன் வந்தான்.

எல்.எஸ். லௌரி என்ற இன்னொரு ஆள். மான்செஸ்டரில் ஒரு கம்பெனிக்கு வீட்டு வாடகை வசூல் செய்யும் குமாஸ்தா. வசதி குறைந்து, 1909இல் குடும்பம் பென்டில்பரி என்ற மில் ஊருக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. அவருக்கு அந்த இடம் அறவே பிடிக்கவில்லை. புகைபோக்கி, கரி, கூட்டம். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கப் பார்க்க அதுவே பித்தாகிவிட்டது. அறுபத்தைந்து வயதில் ஓய்வு பெறும்வரை பகலில் வாடகை வசூல், ராத்திரியில் ஓவியம். அவர் வைத்திருந்தது ஐந்தே ஐந்து வண்ணம்: கறுப்பு, வெள்ளை, ஒரு சிவப்பு, ஒரு நீலம், ஒரு காவி மஞ்சள். ‘சர்’ பட்டம் உட்பட ஐந்து அரச மரியாதைகள் தேடி வந்தபோது ஐந்தையும் வேண்டாம் என்றார். ஐந்து வண்ணத்துக்கு ஐந்து பட்டம், கணக்கு சரியாகப் போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் என்கிறாயா? தாணேயில் முப்பது வருஷம் எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சுதிர் பட்வர்தன், பம்பாய்ப் புறநகரின் பாலத்தையும் சாக்கடையையும் ரயிலடியையும் அடுக்குமாடியையும்தான் ஆள் உயரத்துக்கு வரைந்து இந்திய ஓவியத்தில் தன் இடத்தைப் பிடித்தார். மில்கள் போய் மாடிகள் முளைத்த லோயர் பரேலை அவர் வரைந்தார். அழகாக்கிக் காட்டவில்லை. உள்ளே ஒளி பாய்ச்சி எலும்பைப் பார்க்கிற தொழில் பழக்கம் போலும்.

நம் ஆள் ஒருவரைச் சொல்கிறேன், இவரிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். மனோகர் தேவதாஸ். 1936இல் மதுரையில் பிறந்தவர். சென்னையில் பேட்டரிக் கம்பெனி ஒன்றில் வேதியியல் பார்த்தார். முப்பது வயதை ஒட்டி, அவருடைய விழித்திரை மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறது, இதற்கு மருந்தில்லை என்று தெரிந்தது. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பது போல் ஆகிவிடும் நோய். 1972இல் ஒரு கார் விபத்தில் மனைவி மஹிமாவுக்குத் தோளுக்குக் கீழே அசைவில்லாமல் போனது. அந்த மனிதர் அப்போது என்ன செய்தார் தெரியுமா? பேனாவை எடுத்தார். மதுரையின் கோபுரம், மண்டபம், தெரு, சென்னையின் பழைய செங்கல் கட்டடங்கள் என்று, ஒவ்வொரு செங்கல்லையும் ஒவ்வொரு ஓட்டையும் மெல்லிய மைக்கோட்டால் எழுப்பினார். கனத்த லென்ஸை வைத்துக்கொண்டு, ஒரு சமயத்தில் ஒரு நகக்கண் அளவு இடத்தைத்தான் பார்க்க முடியும். முழுக் கட்டடம் அவர் தலைக்குள் இருந்தது. 2020இல் பத்மஸ்ரீ வந்தது. 2022இல் காலமாகும்வரை அவர் சலித்துக்கொண்டதாக யாரும் சொல்லவில்லை.

குழாய் அளவு பார்வையில் ஓர் ஊரையே கட்டினார் ஒருவர். உனக்கு முழுப் பார்வை இருக்கிறது. “இங்கே பார்க்க என்ன இருக்கிறது” என்கிறாய். வாயைக் கழுவு.

எனக்குள் இன்னும் ஆறாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் பெர்ன்ட் பெஷர், ஹில்லா பெஷர் என்று ஒரு தம்பதி. 1959 தொடங்கி நாற்பது வருஷத்துக்கு மேல், மூடப்போகும் சுரங்கங்களின் இரும்புக் கோபுரங்களையும் தண்ணீர்த் தொட்டிகளையும் உலைகளையும் தேடித் தேடிப் புகைப்படம் எடுத்தார்கள். மேகம் மூடிய நாளாகப் பார்த்து, நேருக்கு நேராக நின்று, நிழல் விழாமல் எடுத்தார்கள். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒன்பது, பதினைந்து என்று அடுக்கினார்கள். அடுக்கியபோதுதான் தெரிந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருப்பது. 1990இல் வெனிஸ் பியன்னாலேயில் அவர்களுக்குப் பரிசு கொடுத்தார்கள். எந்தப் பிரிவில் தெரியுமா? சிற்பத்தில்! புகைப்படத்துக்குச் சிற்பப் பரிசு. அந்தக் கோபுரங்கள்தான் சிற்பம் என்று உலகம் ஒத்துக்கொண்டது. அதே ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தில் ஸோல்ஃபெராயின் என்ற நிலக்கரிச் சுரங்கம் 1986இல் மூடப்பட்டது. அதன் கோபுரம் உட்பட மொத்த இடமும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது 2001இல்.

2001. நம் ஷாஃப்ட்டுகளுக்குப் பூட்டுப்போட்ட அதே வருஷம். அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கிறார்கள். இங்கே போல்ட்டைக் கழற்றி எடைக்குப் போட்டார்கள். அவன் இரும்பு வேறு ஜாதி, நம் இரும்பு வேறு ஜாதியா? ஜாதி என்ற சொல் தெரியாமல் வந்து விழவில்லை. இந்த ஊரில் யார் இறங்கினார்கள், யார் மேலே நின்று கணக்குப் பார்த்தார்கள் என்பது உனக்குத் தெரியும். நம்மைச் சேர்ந்தது எதுவும் அழகில்லை என்று ஆயிரம் வருஷமாகச் சொல்லி வைத்ததன் வால்தான் ஏழாம் வகுப்பில் என் தாளில் விழுந்த சிவப்புக் கோடு.

ஆனால் நம்முடைய முன்னோர் அப்படி ஒன்றும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்துகளைப் பெரிய பதிப்பகங்கள் திரும்பிக்கூடப் பார்க்காத காலத்தில், அச்சுப் போட்டுக் காப்பாற்றியது தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை. பகலெல்லாம் பாறை உடைத்தவர்களின் காசு அது. யாராவது வந்து “உங்கள் வரலாறு அச்சிடத் தக்கது” என்று சான்றிதழ் கொடுக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நீ எதற்குக் காத்திருக்கிறாய்? சினிமாவுக்கா? சினிமாக்காரர்கள் வந்துவிட்டார்களே! ‘கேஜிஎஃப்’ என்று படம் எடுக்க நம் சயனைடு மேட்டில் செட் போட்டார்கள், 2018இல் ஊர் ஊராக ஓடியது. 2024இல் பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ வந்தது. ஒருவருக்கு நம் ஊர் துப்பாக்கிக்குப் பின்னணி, இன்னொருவருக்கு வரலாறு. யார் எப்படிப் பார்த்தாலும் அவர்கள் பார்த்தார்கள். நீ திரையில் பார்த்துவிட்டு விசில் அடித்தாய், வெளியே வந்து அதே மேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாய்.

“அண்ணே, அந்தத் தூள்தானே எங்கள் தாத்தா நெஞ்சை அடைத்தது? காற்று வீசினால் இன்றைக்கும் சோற்றில் விழுகிறது. அதைப் போய் அழகு என்கிறாயே” என்று ஒரு பெண் என்னிடம் நேருக்கு நேராகக் கேட்டாள். சரியான கேள்வி. சிலிகோசிஸ் என்ற சொல்லை அகராதியில் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் இல்லை நாம், இருமலில் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள். அதனால்தான் சொல்கிறேன், வரை. அழகு என்றால் நல்லது என்று அர்த்தமில்லை. பாலையைப் பாடியவன் பாலையைப் புகழவில்லை. ஒரு மேட்டை மணிக்கணக்காக உட்கார்ந்து வரைந்தவனுக்கு, போன மழையில் எந்தப் பக்கம் அரித்தது, தூள் எந்தச் சரிவு வழியாக எந்தத் தெருவுக்கு இறங்குகிறது என்பது அத்துப்படி. எந்த அதிகாரி வந்து “எல்லாம் சரியாக இருக்கிறது” என்றாலும் அவனிடம் தேதி போட்ட தாள் இருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டவனால் சண்டை போட முடியாது. அந்தப் பெண் இப்போது தன் லைனில் உள்ள வீடுகளை ஒவ்வொன்றாகப் பென்சிலில் போட்டுக்கொண்டிருக்கிறாள். விரிசலையும் சேர்த்துத்தான்.

எப்படித் தொடங்குவது என்று கேட்காதே, சொல்லிவிடுகிறேன். கேம்லின் ட்யூப் நாலு வாங்கு: நீலம், செங்காவி, காவி மஞ்சள், வெள்ளை. கறுப்பை வாங்காதே. லௌரி வைத்திருந்தாரே என்பாய், அவர் தேறியவர். சயனைடு மேட்டைச் சாம்பல் நிறம் என்று சொல்லிக் கறுப்பையும் வெள்ளையையும் கலக்கிப் பூசினால் சிமென்ட் சுவர்தான் வரும். நீலத்தையும் செங்காவியையும் குழை. தட்டில் ஒரு சாம்பல் பிறக்கும், அதற்கு உயிர் இருக்கும். நீலம் ஒரு பொட்டுக் கூடினால் மழைக்கு முந்தைய மேடு. செங்காவி கூடினால் சாயங்கால மேடு. காவி மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தால் ஏப்ரல் மாதப் பகல், கண்கூசும். மழை அரித்த ஓடைகள் மேலிருந்து கீழே விரல் விரலாக இறங்கும் பார், அந்த நிழல் சாம்பல் இல்லை, ஊதா. நம்பாவிட்டால் காலை ஏழு மணிக்குப் போய்ப் பார். நான் நாற்பது வயதுக்குப் பக்கத்தில்தான் பார்த்தேன். அன்றைக்கு எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு நாளும் இது இங்கேயேதான் இருந்திருக்கிறது!

இரும்புக் கோபுரத்தைப் போடும்போது இரும்பைப் போடாதே. கம்பிகளுக்கு நடுவே சிக்கிய வானத்தைப் போடு. முக்கோணம், நாற்கோணம் என்று துண்டு துண்டாக வானம் இருக்கும். அந்தத் துண்டுகளைச் சரியாக வைத்துவிட்டால் இரும்பு தானாக எழுந்து நிற்கும். துருவுக்குச் செங்காவி அப்படியே போதும். காசில்லையா? பெயின்ட் கடையில் கேட்டுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு கால் லிட்டர் வாங்கு, ஆஷிங்டன்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள். பேப்பரில்லையா? கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது. (வேலி போட்ட இடத்துக்குள் இறங்காதே, திறந்த ஷாஃப்ட் பக்கம் போகாதே. ஓவியனுக்குத் தூரம்தான் நல்லது. உங்கள் அம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது.)

நேரமில்லை என்றும் சொல்லாதே. மாரிகுப்பத்தில் விடிவதற்குள் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி அதே ரயிலில் திரும்பும் ஜனம் நாம். போக வர நாலு மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கிறது. அதில் போனைத் தேய்த்தது போக இருபது நிமிஷம் போதும். ஜன்னலுக்கு வெளியே பங்காரப்பேட்டைச் சரக்கு யார்டு ஓடும், ஒயிட்ஃபீல்டின் கண்ணாடிக் கட்டடம் ஓடும், பாதி கட்டி நின்ற மேம்பாலத்தின் தூண் வரிசை ஓடும். ஜன்னலோர சீட் கிடைக்காவிட்டால் எதிரே தூங்குகிறவரின் தோளுக்கு மேலே தெரிகிற துண்டு வானத்தைப் போடு. நெய்வேலிப் பிள்ளைக்கு மண்மேடு இருக்கிறது. தூத்துக்குடிப் பிள்ளைக்கு உப்பளத்துக்குப் பின்னால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி இருக்கிறது. திருப்பூர்ப் பிள்ளைக்குச் சாயப்பட்டறை இருக்கிறது. எல்லோரும் சீனரி போட்டுக்கொண்டிருந்தால் இதையெல்லாம் போடுவது யார்?

முதல் பத்துப் படம் கேவலமாக வரும். வரட்டும். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஷாஃப்ட் தோண்டினபோது முதல் நாளே தங்கம் வந்துவிட்டதா என்ன?

என் அப்பா வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர். கீழேயிருந்து மணி அடிக்கும். இத்தனை அடித்தால் தூக்கு, இத்தனை அடித்தால் நிறுத்து, இத்தனை அடித்தால் ஆள் ஏறியிருக்கிறது, மெதுவாக. ஆட்களை இறக்கி ஏற்றின கை அது. சுரங்கம் மூடிய பிறகு அவர் அந்தத் திசைப் பக்கமே போனதில்லை. கடைக்குப் போக வேண்டுமென்றாலும் சுற்றிக்கொண்டு போவார். வீட்டில் அந்தப் பேச்சு எடுத்தால் எழுந்துபோய் வாசலில் நின்றுவிடுவார்.

போன பொங்கல் லீவில் நான் அந்தக் கோபுரத்தை மறுபடியும் வரைந்தேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மூன்று நாள் உட்கார்ந்தேன். காயட்டும் என்று திண்ணையில் சாய்த்து வைத்திருந்தேன். அப்பா டீ டம்ளரோடு வந்தார். பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“இன்னாடா இது, ரெண்டு கயிறும் டிரம்முக்கு மேலயே போவுது?”

“அப்படித்தானேப்பா?”

“எவன் சொன்னது? ஒண்ணு மேல சுத்தும், ஒண்ணு அடியில சுத்தும். அப்பதான் ஒரு கேஜ் எறங்கும்போது இன்னொண்ணு ஏறும். ரெண்டும் மேல போனா ரெண்டும் ஒண்ணா எறங்கிடுமே. அப்புறம் ஆளுங்க எப்படி வருவாங்க மேல?”

டம்ளரைத் திண்ணையில் வைத்தார். என் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். தாளில் டிரம்மின் அடியிலிருந்து கோபுரத்தின் இரண்டாவது சக்கரம்வரை, கை நடுங்காமல் ஒரே இழுப்பில் ஒரு கோடு போட்டார். பென்சிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

“அந்த பிரேக்கு லீவரு எங்கடா?” என்றார்.